கண்ணாடி அலமாரியில் இருந்த கிளாரினெட்

என் அக்கா புருஷனுக்குக் கடைத்தெரு வைத்த பெயர் 'பூட்டு'. பூட்டிய கதவை நாலடி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். டீக்கடைக்காரர் சிரித்தால் எதற்குச் சிரித்தான் என்று மாலை வரை மண்டையை உடைத்துக்கொள்வார். கிளாரினெட் செய்வது அவர் தொழில். நான் அவரிடம்தான் வேலை பார்க்கிறேன். சொந்த மச்சினன் என்பதால் என்மேல் இரட்டைச் சந்தேகம்.

அவர் அப்பா இந்தத் தொழிலில் பேர் போனவர். பெரியவர் இளவயதில் கடைந்த கருமரக் கிளாரினெட் ஒன்று பட்டறையின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வாயில் வைக்கும் இடத்தில் பல் பதிந்து தேய்ந்த பழசு. அதன் குரலைத் தன் கையால் ஒரு தடவையாவது வரவழைத்துவிட வேண்டும், அத்தானுக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே இல்லை. அதே மரம், அதே அளவு, அதே துளை. ஆனால் அவர் செய்தது ஒவ்வொன்றும் மூக்கடைத்துக்கொண்டு பேசும்.

"எங்கப்பா எதையோ மறைச்சுட்டுப் போயிட்டார்டா" என்பார். பெற்றவரையே விட்டுவைக்காதவர் என்னையா விடப்போகிறார்?

ஒருநாள் அந்தப் பழசுக்குள் துணியை விட்டு இழுத்தார். துணி ஈரமாக வந்தது. யாரோ ஊதியிருக்கிறார்கள்! அவ்வளவுதான், மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குரலின் சூட்சுமத்தை யாரோ களவாடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். நான்தான் அந்த யாரோ என்பதை அவர் பார்வையே சொன்னது.

மறுநாள், நான் கவனிக்கவில்லை என்ற நினைப்பில், வாய் வைக்கும் இடத்தில் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவினார். கறுப்பில் கறுப்பு தெரியாதே. மரக்கடைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். என்னையும் சரக்குக் கொடுக்க அனுப்பிவிட்டார். பாதி வழியில் திரும்பி வந்து ஊதுவேன் என்பது அவர் கணக்கு.

மதியம் திரும்பி வந்து என் உதட்டை முறைத்தார். எட்டிப் பார்த்த பக்கத்துக் கடைத் தையல்காரர் உதட்டையும் முறைத்தார். பட்டறைக்குப் பின்கட்டில் இருந்த வீட்டில் அக்கா சாப்பாடு போட்டாள். அவள் மேல் உதட்டில் பூனை மீசை மாதிரி கரி. அவரோ தட்டைப் பார்த்தபடியே "தண்ணி வை" என்றார். தண்ணீர் வந்தது. குடித்தார். அப்போதும் நிமிரவில்லை.

"துடைச்சுட்டே, இல்ல?" என்றார் என்னிடம். "மூட்டையைக் கட்டு."

அக்காவைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் நான் எழுந்தேன்.

"அவனை ஏன் விரட்டறீங்க? என் மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க" என்றாள் அக்கா.

பார்த்தார். பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

"உனக்கு ஊதத் தெரியுமா?"

"கல்யாணமாகி வந்த வருஷமே மாமா கத்துக்கொடுத்தார். அலமாரி சாவி ஒண்ணு எனக்கும் குடுத்தார். முதல்ல பழச ஊதுவேன், அப்புறம் புதுச ஊதுவேன். அவர் அந்தக் கோடியில சுவரைப் பாத்து நின்னு கேப்பார். கேட்டுட்டு வந்து துளையைத் திருத்துவார். நீங்க அப்ப மரக்கடையில தரகனை முறைச்சுட்டு இருப்பீங்க. அவர் போனப்புறமும் எனக்கு அந்தப் பழக்கம் விடல."

"என்கிட்ட ஏன் மறைச்சார்?"

"எங்க மறைச்சார்? செஞ்சவன் தானே ஊதினா குறை காதுல விழாது, இன்னொருத்தர் கையில குடுத்துட்டுத் தள்ளி நின்னு கேளுன்னு உங்ககிட்டயும்தான் சொன்னார். என் வேலையை எவனுக்கோ காட்டிக்கொடுக்கப் பாக்கறார்னு நீங்க ஒரு மாசம் அவரோட பேசல."

அத்தான் கை கழுவாமலே பட்டறைக்குள் போனார். தான் புதிதாகச் செய்ததை எடுத்து அக்காவிடம் நீட்டினார். நீட்டினாரே தவிர விரல் விடவில்லை. அவள் இழுத்துத்தான் வாங்கினாள்.

கோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். அவள் ஊதினாள். நடுத் துளை ஒன்றில் குரல் அடைத்தது. எனக்கே கேட்டது. அவருக்குக் கேட்காமல் இருக்குமா?

"இதுதானா?" என்றார். "இத்தனை வருஷமும் இதுதானா?"

அப்படியே சுவரோரம் உட்கார்ந்து, "அப்பா" என்று அழுதார். அக்கா ஊதுவதை நிறுத்தவில்லை.