சுவருக்கு அந்தப் பக்கம் இட்லி

குர்லா சந்தையில் வாங்கிய பழைய கிராஃபிக்ஸ் கார்டை, கம்பெனி வைத்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்டினேன். சாயந்திரம் நாலு மணி நேரம் சோதித்தபோது அசையவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு மட்டும் ஃபேன் அலறி, கணினி நின்றுபோனது. ஒரு வாரம் கார்டைத் திட்டிய பிறகுதான் கணினியை ஒட்டியிருந்த சுவரைத் தொட்டேன். கொதித்தது. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா விற்பனைக்கு இட்லி அவிக்கிறார். கார்டு பல வருடம் உழைக்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தேன். ஃபேனும் அடங்கியது.

மறுநாளே அக்கா வந்துவிட்டார்.

“தம்பி, ஒங்க பெட்டி கத்துனாத்தான் மொத ஈடு வெந்துட்டுன்னு எறக்குவேன். இன்னைக்குக் கத்தவே இல்ல. அம்புட்டும் கல்லாப் போச்சு.”

வேகத்தை மறுபடி கூட்டி வைத்தேன். ஏழு மணிக்கு ஃபேன் அலறியது, கணினி நின்றது. எட்டு மணிக்கு நாலு இட்லி வந்தது. பஞ்சு மாதிரிதான் இருந்தது.