அக்கா பேர் எழுதிய குழாய்

எங்கள் குடும்பத்தில் பரம்பரையாக வருபவை இரண்டு. ஒன்று காது கேளாமை, மற்றது சந்தேகம். காது கேளாமை அம்மாவின் அண்ணனான பெரிய மாமாவுக்கும் என் தம்பிக்கும் மட்டுமே வந்தது. சந்தேகம் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஐஸ் கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று நைனா சந்தேகப்படுவார். நைனா மீன்பிடி லாஞ்சில் சீட்டாடுகிறார் என்று அம்மா சந்தேகப்படுவாள். தம்பிக்கு மட்டும் பெரிய வறுவல் துண்டு போகிறது என்று நான் சந்தேகப்படுவேன். இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு அம்மாள் வந்து ரத்தம் கேட்டால் என்ன ஆகும்?

சுனாமிக்கு முந்தின வருஷம். கல்மண்டபத்துக்குப் பின்னால் எங்கள் சந்து. எனக்குப் பத்து வயது. தம்பி படித்த காது கேளாதோர் பள்ளியில் விலாசம் வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் வந்தார். தோளில் பை, கையில் தெர்மாகோல் பெட்டி. நாங்கள் மீன் வைக்கிற பெட்டியைப் போலவே இருந்தது. அம்மா அவரை டாக்டரம்மா என்று கூப்பிட்டாள். அவர் அத்தோடு விட்டிருக்கலாம்.

"நான் வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லீங்க. ஆராய்ச்சி பண்றேன்" என்றார்.

உண்மை பேசிக் கெட்டவர்களில் அவரும் ஒருவர். அவர் போனதும் அம்மா நைனாவைப் பிடித்துக்கொண்டாள். "வைத்தியம் பாக்காத டாக்டருக்கு ரத்தம் இன்னாத்துக்குய்யா?"

கேள்வி நியாயமானதுதான். ரத்தம் எடுத்து குரூப் பார்ப்பார்கள், பொருந்தினால் கிட்னி போய்விடும் என்பது எங்கள் சந்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஞ்ஞானம். அடுத்த முறை அவர் வந்தபோது, வண்டியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவர என்னை அனுப்பினாள் அம்மா. வண்டியே இல்லை. அவர் பஸ்ஸில் வந்திருந்தார். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அவர் ஒரு பெரிய தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம். சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு. எங்கள் தாளில் ஒற்றைக் கோட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காது கேளாதவன் என்று காட்டத் தம்பியின் கட்டத்தை அவர் கறுப்படித்தபோது அம்மா அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"யம்மா, எம்புள்ளைய ஏன் கறுப்பாக்கற?"

அவர் பொறுமையாக விளக்கினார். குரோமோசோம் என்றார், ஜீன் என்றார், அதில் வரும் பிழைதான் காது கேளாமைக்குக் காரணம் என்றார். எங்கள் ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, துண்டு துண்டாக நறுக்கி, லைப்ரரி மாதிரி வைத்திருப்போம் என்றார். "லைப்ரரின்னா யாரு வோணும்னாலும் எட்த்துகினு பூடுவாங்களே" என்று அம்மா திகைத்தாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

அவர் பேச்சு புரிந்த ஒரே ஆள் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி, லாஞ்சு டிரைவர். தை மாதம் என் அக்காவைக் கட்டிக்கொள்ள நிச்சயமாகியிருந்தவன்.

"யக்கா, வலை மாதிரி நெனச்சிக்கோ" என்றான். "ஒரு வலையில கண்ணி அறுந்து கெடந்தா, மேல போட்ட இன்னொரு வலை மீனைத் தடுத்துக்கும். ரெண்டு வலையிலயும் ஒரே எடத்துல அறுந்து கீதுன்னு வெச்சிக்கோ, மீனு பூடும். புள்ளைக்கு அப்பன் ஒரு வலை, ஆத்தா ஒரு வலை குடுக்கறாங்க. எனக்கும் அவளுக்கும் ஒரே எடத்துல அறுந்து கீதான்னு பாத்துட்டு அப்பால கட்டிக்கலாம்."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. கிட்னி பயம் எங்கோ போயிற்று. அக்கா பிறந்த அன்றே தன் தம்பிக்குத்தான் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது அந்தக் கல்யாணம் ஒரு சொட்டு ரத்தத்தில் தொங்கியது. யாரோ வேண்டாதவர்கள்தான் அந்த அம்மாளை ஏவிவிட்டிருக்கிறார்கள் என்று அவள் முடிவுகட்டினாள். ஆனால் மாமா பிடிவாதமாக இருந்தான்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்தம் எடுத்தார்கள். தம்பியைத் தவிர மற்றச் சிறுபிள்ளைகள் வேண்டாம் என்று ஆராய்ச்சியம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். பெரியவர்கள் வரிசையாகக் கையை நீட்டினார்கள். அக்காவின் முறை வந்ததும் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். நிச்சயமான பெண் நாலு பேர் எதிரில் கையை நீட்ட மாட்டாள், உள் அறையில் வைத்து எதிர்வீட்டு நர்சக்காதான் எடுக்க வேண்டும். ஆராய்ச்சியம்மா பாவம், வெட்கம் என்று நினைத்துச் சம்மதித்தார். ஊதா மூடி போட்ட குழாயில் அக்காவின் பேரை எழுதி உள்ளே கொடுத்தனுப்பினார்.

உள்ளே போனதும் அம்மா கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்து நர்சக்காவிடம் நீட்டினாள்.

"இதுகிட்ட எடு. வயசுக்கு வராத புள்ள. ரத்தம் பன்னீரு மாதிரி சுத்தமா இர்க்கும்."

"தப்பும்மா இது" என்றாள் அக்கா.

"நீ கம்னு கெட."

நர்சக்கா தயங்கினாள். அவளும் எங்கள் சந்தில்தானே குடியிருந்தாக வேண்டும்? எடுத்தாள். ஊசி குத்தும்போது அக்கா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி அணைத்துக்கொண்டாள். எனக்கோ ஏகப் பெருமை. அக்கா கல்யாணத்தை நடத்திவைக்கப் போவதே என் ரத்தம்தான்! அன்று வறுவலில் பெரிய துண்டு எனக்கு வந்தது.

ஐப்பசியில் முடிவு வந்தது. மாமாவிடமும் அக்காவிடமும் தனியாகப் பேச வேண்டும் என்றார் ஆராய்ச்சியம்மா. அம்மா விடுவாளா?

"தனியா இன்னா ரகசியம்? எல்லார் எதிர்லயும் சொல்லு."

அவர் இரண்டு முறை மறுத்தார். கடைசியில் மாமாவும் "பரவால்ல, சொல்லுங்க" என்றான். வாசலில் பக்கத்து வீட்டுக்காரிகள் மூன்று பேர் நின்றார்கள். அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். மாமாவுக்கு ஒரு வலையில் கண்ணி அறுந்திருக்கிறது. அக்கா பேர் எழுதிய குழாயிலும் அதே இடத்தில் அறுந்திருக்கிறது. இது நோய் இல்லை, இவர்களுக்கு ஒன்றும் ஆகாது, பிறக்கும் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், முடிவு உங்களுடையது என்றார். கடைசியில் சொன்னவற்றை யாரும் காதில் வாங்கவில்லை.

மாமா தன் அண்ணனான பெரிய மாமாவைப் பார்த்தான். "அண்ணனுக்கு வாயா நான் இருந்துட்டேன். எம்புள்ளைக்கு யாரு இருப்பா? வேணாம் யக்கா" என்றான். சொல்லிவிட்டு அழுதான். பெரிய மாமா எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குச் சைகை காட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா பதறி என் பக்கம் திரும்பினாள். நான் அக்காவின் பின்னால் இருந்து எழுந்தேன். "அது என் ரத்..." என்று ஆரம்பிக்கும்போதே அக்கா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். உயிர் போய்விட்டது.

"வுடும்மா" என்றாள் அக்கா, அம்மாவைப் பார்த்து. "எனக்கு அப்டி கீதுன்னா நீ இன்னா பண்ணுவ?"

அவளுக்கு மாமாவைப் பிடிக்கவே இல்லையோ, இதுதான் சாக்கு என்று தப்பித்துக்கொண்டாளோ என்று நான் பல வருஷம் சந்தேகப்பட்டேன். மாமா வேறு இடத்தில் கட்டிக்கொண்ட அன்று அக்கா குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு மத்தியானம்வரை வெளியே வரவில்லை. அதற்கும் ஏதோ காரணம் கற்பித்துக்கொண்டேன். பிறகு அவளுக்கு வந்த மூன்று சம்பந்தங்கள், "அந்தப் பொண்ணு ரத்தத்துல இன்னாமோ கீதாமே" என்று தட்டிப்போயின. நிஜத்தைச் சொல்லி மறுபடி ரத்தம் கொடுக்கலாம் என்று அம்மாவே கெஞ்சினாள். அக்கா மசியவில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயதில் எர்ணாவூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு, கல்யாணம் ஆகியிருக்கவில்லை. வந்தவர்களில் ஒரு பெரியம்மா சுற்றிவளைத்துக் கேட்டாள். "உங்க வூட்டுல ஒரு பொண்ணுக்கு ரத்தத்துல கொறன்னு பேச்சு கீதே?"

தேநீர்த் தட்டோடு நின்ற அக்கா, அம்மாவை முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "அது எனக்குத்தான். இவளுக்கு ஒண்ணும் கெடையாது."

பத்து வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அக்கா கிள்ளிய தொடை கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது, அவ்வளவுதான் தெரியும். அக்கா தினமும் தேங்காயெண்ணெய் தடவ வந்தாள், நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். எட்டு நாள் அவளோடு பேசவில்லை.