இரும்புக்கு ஆறு

விழுப்புரத்தில் ஏறி முண்டியம்பாக்கம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே எதுவுமே இல்லாமல் போய்விட்டது. மார்கழிப் பனி. வயலும் கம்பமும் சவுக்குத் தோப்பும் கரைந்து, ரயில் பாலுக்குள் போய்க்கொண்டிருந்தது. எதிரில் மகள். விபத்துக்குப் பிறகு அவள் கல்லூரிக்குப் போகும் முதல் நாள். "திண்டிவனம் வரைக்கும் வர்றேன்" என்று நானும் ஏறிவிட்டேன். வகுப்பு முடிகிறவரை வாசலிலேயே உட்கார்ந்திருக்கப் போவதை அவளிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்டியது நான்தான். புரட்டாசி மாதம், கெடார் போகும் வழி. சாலையில் காயப்போட்டிருந்த கேப்பையில் சக்கரம் வழுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, பின்னால் இருந்தவளுக்குத் தலையில் அடி. வீட்டில் இருந்தது ஒரே ஹெல்மெட். அது என் தலையில் இருந்தது. இன்றைக்கும் அடுப்படியில் ஒரு மூடி கீழே விழுந்தால் நான் அந்தச் சாலையில் நிற்கிறேன்.

ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் சில வாரங்கள் சொற்கள் அவளை விட்டுப் போயிருந்தன. ஒருநாள் தட்டிலிருந்த வேர்க்கடலையைக் காட்டி, "உடைச்சித் தின்னுவமே, இதுக்குப் பேர் இன்னாம்மா?" என்றாள். "மல்லாட்டை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். தானாகத் திரும்பிவிடும், கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள் என்றார் டாக்டர். சொற்கள் திரும்பின. ஆனால் அவள் படிப்பது எம்.எஸ்ஸி. வேதியியல். அதுவும் திரும்பிவிட்டதா?

நானும் அதைப் படித்தவள்தான். எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒரு எளிய கணக்கு. நடுவில் ஓர் உலோக அணு, சுற்றிலும் கார்பன் சேர்மங்கள். பிணைப்புக்காக ஒவ்வொன்றும் கொண்டுவரும் எலக்ட்ரான்களைக் கூட்ட வேண்டும். பதினெட்டு வந்தால் அந்த அமைப்பு நிம்மதியாக இருக்கும். ஃபெரோசீன் அப்படி ஒன்று. இரண்டு கார்பன் வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு. ஆரஞ்சு நிறப் பொடி. குப்பியைத் திறந்தால் கற்பூரம் மாதிரி மணக்கும்.

பனிக்குள்ளிருந்து அந்த மணம் வந்ததுபோல் இருந்தது. டாக்டர் சொன்னதை மீறிக் கேட்டுவிட்டேன்.

"ஃபெரோசீனை எண்ணு, பார்க்கலாம்."

"காலங்காத்தாலயா? வெளியே பாரும்மா, மேகத்துல போறாப்ல இருக்குது."

"சும்மா எண்ணேன்டி."

கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தில் விரலால் எழுதினாள். "இரும்புக்கு ஆறு."

இரும்புக்கு எட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் எட்டு என்பேன். வளையத்துக்கு ஐந்து, இன்னொரு வளையத்துக்கு ஐந்து, பதினெட்டு. ஆறு என்றால் பதினாறுதான் வரும். இரண்டைக் காணோம். அந்த இரண்டும் கெடார் சாலையில், கேப்பை மணிகளுக்கு நடுவே உருண்டு கிடப்பதாக எனக்குத் தோன்றியது. போய்க் குனிந்து தேடினால் கிடைத்துவிடும். கை தானாகப் போனில் டாக்டரின் நம்பரைத் தேடியது.

"யாருக்கும்மா போன் பண்ற?"

"தலை வலிக்குதா கண்ணு? எட்டு மறந்துபோச்சா?"

அவள் சிரித்துவிட்டாள். "முழுசா எழுத வுட்டாத்தான? வளையத்துக்கு ஆறு ஆறு. பதினெட்டு."

"வளையத்துக்கு அஞ்சுதானே?"

"அது உன் கணக்கு. யாரும் யாருக்கும் எதுவும் குடுக்கலன்னு வச்சி எண்றது. எங்க மேடம், இரும்பு ரெண்டு வளையத்துக்கும் ஆளுக்கொண்ணு குடுத்துடுச்சின்னு வச்சி எண்ணச் சொல்வாங்க. அதுங்கிட்ட மிச்சம் ஆறு. வாங்கினதுங்ககிட்ட ஆறு ஆறு. என் இரும்பையும் உன் வளையத்தையும் கலந்தா பதினாறுதான் வரும். நெஜமாவே பாஸ் பண்ணியா நீ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் அவள் எழுதிய ஆறுகள் ஒழுகிக்கொண்டிருந்தன. அந்த இரண்டு எலக்ட்ரான்களும் எங்கேயும் போகவில்லை. வளையங்களிடம்தான் இருந்திருக்கின்றன.

பேரணிக்குப் பிறகு பனிக்குள் ஒரு வெளிச்சம் ஊறியது.

"இரும்ப எடுத்துட்டு கோபால்ட்ட வையி. எவ்ளோ?" என்று இப்போது அவள் கேட்டாள்.

"பத்தொன்பது."

"ஒண்ணு அதிகம். ஒரு எடத்துல இருக்காது, பேஜாரு பண்ணிக்கினே இருக்கும். அது கெளம்பினாத்தான் மத்ததுக்கு நிம்மதி." ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"யாரடி சொல்ற?"

"கோபால்ட்டச் சொல்றேன்மா."

திண்டிவனத்தில் இறங்கியதும் என் கையிலிருந்த தன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "க்ளாஸ் வாசல்ல உக்காந்துக்கினு இருக்கலாம்னுதான வந்த? வேணாம்மா" என்றாள். காயத்துக்காகச் சிரைத்த இடத்தில் முளைத்திருந்த குட்டை முடி பின்னலுக்குள் அடங்காமல் நின்றது. கூட்டம் அவளைப் படியேற்றிக் கொண்டுபோகும்வரை அந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, டிக்கெட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதினேன். கோபால்ட்டுக்கு ஒன்பது, வளையங்களுக்கு ஐந்து, ஐந்து. அதன் கீழே அவள் முறையில் ஏழு, ஆறு, ஆறு. இரண்டிலும் பத்தொன்பதுதான் வந்தது.

விழுப்புரம் போகும் வண்டி பனிக்குள்ளிருந்து வந்து நின்றது. ஏறிக்கொண்டேன்.