பதினொரு பிள்ளைகளின் ஞானத்தகப்பன்

"…நான் மொழிபெயர்க்கப் போனனான் தங்கச்சி, ஞானத்தகப்பனாகப் போகேல்லை. நான் சைவக்காரன். உந்தப் புத்தகத்தைத் திருத்தச் சொல்லு," என்றார் அண்ணை. தேவாலயப் பங்கு அலுவலகத்துக்கு வந்தவர் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

எங்கள் ஜெர்மன் நகரத்துக் கத்தோலிக்கப் பங்கின் வரலாற்றைச் சிறு நூலாகக் கொண்டுவருகிறார்கள். தமிழ்ப் பக்கங்கள் என் பொறுப்பு. "நீதானே ஓயாமல் கதைக்கிறாய், எழுதன்" என்று சனம் சொன்னதுதான் என் தகுதிச் சான்றிதழ். ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால், அகதியாக வந்தவர்களின் பிள்ளைகள் பதினொரு பேருக்கு ஒரே ஞானத்தகப்பன், ஒரே கையெழுத்து. அலுவலகச் செயலாளரான ஜெர்மன் அம்மா கண் கலங்கிவிட்டார். இப்படியொரு விசுவாசிக்கு நூலில் தனிப்பக்கம் வேண்டும், படத்துடன் வேண்டும் என்றார். அந்த விசுவாசி வருடாவருடம் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு வடம் பிடிக்கிறவர்.

நடந்தது இவ்வளவுதான். அந்த நாளில் இங்கே ஜெர்மன் தெரிந்த ஒரே தமிழர் அவர். எங்கள் சனத்தை எந்தக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனாலும், விண்ணப்பத்தின் அடியில் மொழிபெயர்த்தவரும் கையெழுத்து வைக்கவேண்டும். தேவாலயத்திலும் ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் ஒரு தாளை நீட்டினார்கள். பழக்கத்தில் அடியில், ஞானத்தகப்பனுக்கான இடத்தில், கையெழுத்து வைத்தார். பெற்றோருக்கோ, அந்த இடத்தில் நிற்க வேறு உறவு ஒருவரும் இல்லை. அவர்களும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

இப்போது சைவக்கோயில் நிர்வாகசபைக்கு அவர் பெயர் அடிபடுகிறது. நூல் வந்தால் எல்லாம் போச்சு. "எங்கட ஆக்கள் என்னைச் சிலுவையிலை அறைஞ்சுபோடுவினம்," என்றவர், எங்கே இருந்து சொல்கிறோம் என்று நினைவு வந்து, சுவரில் இருந்தவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

செயலாளர், அவர் ஞானத்தகப்பன் இல்லையென்று ஒரு வாக்குமூலத்தைத் தயார்செய்து நீட்டினார். அண்ணை அதில் கையெழுத்துப் போட்டால், நூலில் அந்தப் பக்கம் வராது. பதிவேட்டில் பதினொரு பெயருக்குப் பக்கத்திலும் 'ஞானப்பெற்றோர் இல்லை' என்று குறிப்பு எழுதப்படும்.

அண்ணை பேனையை எடுத்தார். பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு பெயரில் விரல் நின்றது.

"இந்தப் பெட்டையின்ர தகப்பன் பிறகு செத்தெல்லே போனான்?"

"ஓம் அண்ணை."

"நான் இதிலை போட்டா, இதுக்கு ஒருத்தரும் இல்லையெண்டு எழுதுவினமோ?"

"அப்பிடித்தான் எழுதுவினம்."

"சும்மா கிடந்த கையெழுத்தை நீதான் கிண்டி எடுத்தனி," என்று என்னைத்தான் ஏசினார். பிறகு, "படத்தைப் போடச் சொல்லு. திருநீறு பூசின படமாப் போடச் சொல்லு."

"சபைக்காரருக்கு என்ன சொல்லுவியள்?"

"அதையும் மொழிபெயர்ப்பம்."

வாக்குமூலத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். அந்தப் பிள்ளையின் தொலைபேசி எண்ணை என்னிடம் கேட்டு வாங்கி, அழுத்தி, ஏனோ எழுந்து நின்றுகொண்டு, "பிள்ளை, உமக்கு என்னைத் தெரியாது," என்று தொடங்கினார்.