அண்ணனின் நடுக்கம்

என் அண்ணன் தொலைக்காட்சியில் காமெடி செய்தவன். எதற்கெடுத்தாலும் பயந்து சாகும் ஒரு குமாஸ்தாவாக வருவான். மேலதிகாரி கூப்பிட்டதும் கையிலிருக்கும் டீ டம்ளர் தடதடவென ஆடும். "பைய கேளுங்க அண்ணாச்சி, நெஞ்சு படபடங்கு" என்பான். ஊரே சிரிக்கும். சீவலப்பேரியில் எங்கள் வீட்டில் மட்டும், அந்த இடம் வந்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அது நடிப்பில்லை என்று அவளுக்கும் எனக்கும் தெரியும். சின்ன வயதிலேயே பரீட்சைக்குக் கிளம்பும்போது அவனுக்கு உள்ளங்கை வேர்த்து மூச்சு முட்டும்.

சென்னையில் படப்பிடிப்பின் நடுவே மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனான். இதயத்தில் கோளாறில்லை, மனப்பதற்றம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் நடுக்கம் நின்றது. எங்களுக்கு நிம்மதி. அவனுக்கு இல்லை.

பொங்கலுக்கு வந்தபோது அவன் பையில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன.

"ஏண்ணே, போடலியா?"

"போட்டா கை ஆட மாட்டேங்கு, தங்கச்சி. கை ஆடலன்னா எவன் சிரிப்பான்?"

"நடிக்க வேண்டியதுதானே?"

"நடிச்சேன். பழைய மாதிரி இல்லங்காங்க."

அட்டைகளைப் பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்து மூடினான்.

மறுநாள் அவனை ரயிலேற்றிவிட நானும் போனேன். எங்கள் ஊர் பஸ் போய் நிற்கும் வண்ணார்பேட்டையில் இறங்கியதுமே அவனுக்கு அந்தப் படபடப்பு வந்துவிட்டது. ஒரு கடைச் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தான். முகமெல்லாம் வேர்வை. கை இரண்டும் உதறின. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "ஏலே, நம்ம குமாஸ்தாலே!" என்று ஒருவர் கத்த, சுற்றிலும் சிரிப்பு. செல்போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"நடிக்கலங்க! யாராவது ஆட்டோ கூப்பிடுங்க!" என்று அலறினேன். அதற்கும் சிரித்தார்கள்.

ஒரு கல்லூரிப் பெண் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். "மூச்சை பைய விடுங்கண்ணே. என்கூட சேந்து விடுங்க" என்றாள். அவள் விட, அவனும் விட்டான். கூட்டத்தில் சிரிப்பு அடங்கியது.

அவன் கொஞ்சம் தெளிந்ததும் அவள் சொன்னாள்: "எனக்கும் இப்படி வரும்ண்ணே. வீட்ல எப்படிச் சொல்லன்னே தெரியல. டீவில உங்கள காட்டி, இந்தா, இவருக்கு வார மாதிரிதான் எனக்கும் வருதுன்னேன். அப்புறந்தான் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாங்க."

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாத்திரை போடுதியாம்மா?"

"போடுதேன்."

அன்று அவன் ரயிலேறவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் தண்ணீர் கேட்டு வாங்கி மாத்திரையைப் போட்டான்.

குமாஸ்தா வேஷம் வேறொருவருக்குப் போனது. பல மாதங்கள் வேலையில்லாமல் இருந்தான். இப்போது மற்றவர்களுக்கு வசனம் எழுதுகிறான், சின்ன வேஷங்களும் வருகின்றன. அம்மா தினமும் காலையில் போன் செய்து, மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பாள். "போட்டாச்சும்மா" என்று எரிந்துவிழுவான். நாங்கள் நம்பிக்கொள்கிறோம்.