அரிசிக் கிடங்கின் பூனை பிடிகாரர்

"இரைகொல்லி விலங்குகளைக் கட்டுப்படுத்துபவர், திடகாத்திரமானவர், மன உறுதி மிக்கவர்" என்று வேலை ஒப்பந்தம் மடுத்தீனை வர்ணித்தது. அவர் எடை ஐம்பது கிலோவைத் தாண்டியதில்லை. மன உறுதியைப் பற்றிச் சொல்வதானால், மன்னாரில் வீட்டில் கோழி அறுக்கும் நாட்களில் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிற ஆள்.

பாரிஸின் லா சப்பல் பகுதியில் ரயில் பாதையை ஒட்டிய அரிசிக் கிடங்கில் பூனைகளைப் பிடிப்பதுதான் அவர் வேலை. சிட்டுக்குருவிகளைப் பூனைகள் தின்று தீர்க்கின்றன என்று எதிர்மாடிப் பறவைப் பிரியர்கள் முறையிட்டிருந்தார்கள். இலையுதிர்காலம் முழுக்க மடுத்தீன் பொறி வைத்தார். பூனைகள் அதை மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டன.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஜனவரியில் குளிர் வந்தது. கால்வாய் உறைந்தது, குருவிகள் கிளையிலிருந்து கல்லாக விழுந்தன. பூனைகள் ஒரு வருடத்தில் தின்னாததைக் குளிர் ஒரு கிழமையில் முடித்தது. ஆனால் குளிரின் மேல் முறையிட யாருக்கும் முகவரி தெரியவில்லை. இரை போனதும் பூனைகள் எலும்பாயின. இரண்டு பூனைகள் கிடங்கு வாசலிலேயே விறைத்துக் கிடந்தன.

மேற்பார்வையாளர் பிலிப் புதுச்சேரிக்காரர், நல்லது கெட்டது இரண்டையும் ஒரே குரலில் சொல்பவர்.

"இந்தக் குளிருக்குப் பூனைங்க தானா போயிடும், மடுத்தீன். மார்ஸ் மாசம் பத்ரோன், நம்ம முதலாளி, வர்றாரு. பூனையே இல்லேன்னா பூனை பிடிக்கிறவருக்கு எதுக்குக் கோந்த்ரா?"

ஒப்பந்தம் போனால் வதிவிட அட்டை புதுப்பிக்கப்படாது. அட்டை போனால் பாரிஸ் போகும். மடுத்தீன் அன்றே தன் எதிரிகளைக் காப்பாற்றும் பணியில் இறங்கினார்.

முதலில் சோறும் மீன்குழம்பும் கொண்டுபோனார். வீட்டில் இடித்த மிளகாய்த் தூள் போட்ட குழம்பு. பூனைகள் ஒரு வாய் வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பனியை நக்கின. அதன்பின் உப்பு உறைப்பில்லாமல் மீன் தலை அவித்துத் தரும்படி மனைவி சுகிர்தத்திடம் கேட்டார்.

"தலையைப் பூனைக்குக் குடுத்துப்போட்டு உடம்பைத் தின்னுற மன்னாரானை இப்பதான் பாக்கிறன்."

"அதுகள் செத்தா நாங்கள் இஞ்சை இருக்கேலாது."

"அப்ப நீங்களும் போய் அதுகளோடை பொறிக்குள்ளை இருங்கோ."

சொல்லிவிட்டு அவித்தாள். பழக்கதோஷத்தில் கொஞ்சம் மஞ்சளும் போட்டாள். மஞ்சளைப் பூனைகள் மன்னித்தன.

குளிருக்குப் பயந்து எலிகளும் கிடங்குக்குள் ஒதுங்கத் தொடங்கின. வயிறு நிறைந்த பூனை வேட்டையாடாது என்றார் பிலிப். அது பூனைகளுக்குத் தெரியவில்லை.

மார்ச்சில் முதலாளி வந்தார். மடுத்தீனின் காலடி கேட்டதும் பூனைகள் வாலை உயர்த்திக்கொண்டு வரிசையாக வந்தன; ஒன்று அவர் காற்சட்டையில் முதுகைத் தேய்த்தது. எத்தனை பிடித்தாய் என்று முதலாளி கேட்டார். மடுத்தீனுக்குத் தெரிந்த பிரெஞ்சு அத்தனையும் ஒரே நேரத்தில் மறந்துபோனது.

பிலிப்தான் அரிசி மூட்டைகளைக் காட்டினார். பக்கத்துக் கிடங்கில் எலி துளைக்காத சாக்கு இல்லை. இங்கே ஒன்றிலும் ஓட்டையில்லை. முதலாளி சுற்றிப் பார்த்துவிட்டு, பூனைகள் இருக்கட்டும் என்றார். மடுத்தீன் தன் ஒப்பந்தத்தை நினைத்தார். பூனைகள் இருந்தால் பூனை பிடிகாரர் எதற்கு?

"அப்போ இதுங்களுக்கு யார் சாப்பாடு போடுறதாம்?" என்று பிலிப் தமிழில் முணுமுணுத்தார். பிறகு அதையே பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டார்.

வேலையின் பெயரை மாற்றினால் மூன்று அலுவலகம் ஏறி இறங்க வேண்டும் என்பதால், பழைய பெயரிலேயே ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். வசந்தத்தில் எங்கிருந்தோ குருவிகள் திரும்பி வந்தன. அது அவர் பூனை பிடித்ததன் பலன் என்று நம்பிய எதிர்மாடிக்காரர்கள் நன்றியோடு மடுத்தீனுக்கு ஒரு போத்தல் வைன் கொடுத்தார்கள். அவர் மறுக்கவில்லை.

அந்த வேலையில் இருந்த காலம் முழுவதும் மடுத்தீன் ஒரு பூனையையும் பிடிக்கவில்லை. தினமும் காலையில் மீன் தலை கொண்டுபோய்ப் போட்டார்.