ரஸீன் நானாவின் குர்ஆனில் நான் போட்ட கோடுகள்

போன ஞாயிறு ஆராதனையில் எனக்கு முன் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த பெண் கைபேசியில் வேதம் வாசித்துக்கொண்டிருந்தாள். போதகர் ஒரு வசனத்தைச் சொன்னதும் அதை விரலால் தொட்டாள். வசனம் மஞ்சளாகியது. பிரசங்கம் பிடிக்கவில்லையோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரம் தொட்டாள். மஞ்சள் போய்விட்டது. அதற்குப் பிறகு என் மனம் பிரசங்கத்தில் நிற்கவில்லை. எல்லோரும் ஆமென் சொன்ன இடத்தில் நான் சும்மா இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

என்னைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சந்தேகம் என் கூடவே பிறந்தது. பிஸ்கட் பக்கெட்டின் திகதியை மூன்று தரம் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். காரணமில்லாமல் யாராவது சுகம் விசாரித்தால், இவருக்கு என்ன வேண்டுமோ என்றுதான் தோன்றும். இப்படிப்பட்ட குணத்துக்குச் சம்பளமும் கொடுக்கிற வேலை ஒன்று உண்டு, அச்சுப்பிழை பார்க்கிற வேலை. இருபத்துநான்கு வயதில் அது எனக்குக் கிடைத்தது.

பதுளைக் கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த ஒரு சின்ன அச்சகம். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டிலிருந்து இறங்கி, காலை ரயிலைப் பிடித்து, ஹாலிஎல தாண்டி வந்து சேர்வேன். உள்ளே நுழைந்ததும் மையும் பசையும் சேர்ந்த வாசனை மூக்கில் ஏறும். முதல் வாரம் தலைவலி வந்தது. இரண்டாம் மாதம், லீவு நாட்களில் அந்த வாசனை இல்லாமல் ஏதோ குறைந்தாற்போல இருந்தது. கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம் எல்லாம் அங்கேதான் அச்சாகும். நான் கொம்பியூட்டரில் தமிழ் அடிப்பேன், பிழை பார்ப்பேன். பின் அறையில் புத்தகம் கட்டுகிறவர் ரஸீன் நானா. ஐம்பது தாண்டியவர், கை விரல்களில் எப்போதும் காய்ந்த பசை உரிந்துகொண்டிருக்கும். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல எனக்கு அவர் நானா, அவருக்கு நான் தங்கச்சி.

வாக்குவாதம் ஒரு துண்டுப்பிரசுரத்தில் தொடங்கியது. ஏதோ ஒரு சபைக்காரர்கள், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன கதையை அச்சடிக்கக் கொடுத்திருந்தார்கள். வெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நானா ஒரு தாளைக் கையில் எடுத்து வந்தார்.

"தங்கச்சி, இதுல மகன்ட பேர் பிழை."

ஆயிரம் பிரதி அடித்து முடிந்துவிட்டது. தாளைப் பிடுங்கி எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஈசாக்கு சரியாகத்தான் இருந்தது.

"அது ஈசாக்கு இல்ல, இஸ்மாயில்," என்றார் நானா, மெஷினில் பழுது சொல்வது போலச் சாதாரணமாக. "உங்கட வேதத்துலயே ஒரே மகன் எண்டுதானே ஈக்குது? மூத்தவர் பொறந்து பதினாலு வருஷத்துக்குப் பொறகுதான் ரெண்டாவதாள். அப்ப ஒரே மகன் யாரு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ரயிலில் வீடு போகும் வரைக்கும், இந்த மனுஷன் என்னை மதம் மாற்றப் பார்க்கிறாரோ என்று யோசித்துக்கொண்டே போனேன். அடுத்த நாள் அவர் வெளியே போன நேரம் பார்த்து அவருடைய மேசை லாச்சியைத் திறந்தும் பார்த்தேன், இப்படிக் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுக்கிற புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று. நூல் உருண்டையும் ஊசியும் பாதி தின்ற முறுக்கும் இருந்தன.

அப்புறம் காலை பத்து மணி பிளேன்டீ வாக்குவாதம் இல்லாமல் இறங்கியதில்லை. நான் நூலகத்தில் குர்ஆன் தமிழாக்கம் தேடி வாசித்து வந்து கேட்டேன்: "நானா, உங்க வேதத்துல அந்த மகனோட பேரே இல்லையே?"

"பேர் இல்ல. விளக்கம் ஈக்குது. ஆலிம்மார் எழுதி ஈக்காங்க."

"அப்ப விளக்கம் எழுதுனவங்க மனுஷங்கதானே?"

அவர் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பின் அறைக்கு எழுந்து போனார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். இரண்டு நாளில் அவர் திருப்பி அடித்தார். இயேசுவின் வம்சவரலாறு மத்தேயுவில் ஒரு மாதிரி, லூக்காவில் வேறு மாதிரி இருக்கிறதே, யோசேப்பின் அப்பா யார் என்றார். நான் எங்கள் போதகரிடம் ஓடினேன். லூக்கா சொல்வது மரியாளின் வம்சம் என்று அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே வந்து ஒப்பித்தேன்.

"அப்படி எங்க எழுதி ஈக்குது?" என்றார் நானா.

எழுதியில்லை. அது விளக்கம். நான் அவரைப் பிடித்த இடத்திலேயே என்னைப் பிடித்துவிட்டார். ஒவ்வொரு எழுத்தும் வானத்திலிருந்து இறங்கியது என்று தன் வேதத்தை வாசிக்கிறவர், என் வேதத்தையும் அப்படியே எழுத்தெழுத்தாக உலுக்கினார். நானோ யார் எழுதினார், யாருக்கு எழுதினார், எந்தக் காலத்தில் என்று கேட்டுப் பழகியவள், அவருடையதையும் அப்படியே கிளறினேன். இருவரும் தங்கள் வீட்டுச் சாவியைப் போட்டு மற்றவர் வீட்டுக் கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறோம். இது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அப்போது அவர் வேண்டுமென்றே குதர்க்கம் பேசுகிறார் என்று நினைத்தேன். அவரும் என் கேள்விகளெல்லாம் போதகர் சொல்லிக் கொடுத்து வருகிறவை என்று நினைத்தார். அதில் பாதி உண்மை.

கடைசியில், ஆளுக்கு ஆள் வாயால் பேசுவதை விட்டு முழுதாக வாசித்துவிட்டுப் பேசலாம் என்று புத்தகம் மாற்றிக்கொண்டோம். அவர் தன் குர்ஆனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார், ஒரு பக்கம் அரபு, ஒரு பக்கம் தமிழ். "கை கழுவிட்டு எடுங்க தங்கச்சி. நெலத்துல வெக்க வேணாம்," என்றார். இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். நான் என் வேதாகமத்தைக் கொடுத்தேன். முதுகு கிழிந்து, சிவப்புக் கோடுகளால் நிறைந்து, ஓரங்களில் எறும்பு ஊர்ந்தது போல என் குறிப்புகளோடு இருந்தது.

இங்கேதான் நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர் எங்கள் வேதாகமங்களை வாங்கிப் புரட்டிப் பார்ப்பார். கோடு இல்லாத பக்கம் வாசிக்காத பக்கம், அவ்வளவுதான். கோடு போடுவது எங்களுக்கு மரியாதை. அதனால் நானாவின் குர்ஆனையும் அடிமட்டம் வைத்து, சிவப்புப் பேனையால், நேராகக் கோடு போட்டு வாசித்தேன். மரியாளைப் பற்றிய இடங்களில் கோடு. யுத்தம் பற்றிய வசனங்களில் கோடும் பெரிய கேள்விக்குறியும், பக்கத்தில் "இது யாருக்கு? எப்போது?" என்ற குறிப்பும். நாலு மாதம் பாடுபட்டு வாசித்துவிட்டுப் பெருமையோடு திருப்பிக் கொடுத்தேன்.

நானா திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம். முகம் சுருங்கிவிட்டது.

"இது என்ன தங்கச்சி?"

"வாசிச்சேன் நானா."

"நாங்க இதுல ஒரு புள்ளி வெக்க மாட்டோம்."

புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "வேணாம். வாசிச்சீக்கீங்கதானே," என்று மறுபடியும் துணியில் சுற்றிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து நான் ஓரத்தில் எழுதிய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் கொண்டுவந்தார். இது ஒப்பந்தம் முறித்தவர்களோடு நடந்த சண்டை, அந்தக் காலத்துக்குச் சொன்னது, இப்படியிப்படி என்று. என் வேதாகமம் புது முதுகு கட்டி, காலிகோ துணி ஒட்டி, ஒரு கீறல் கூட இல்லாமல் திரும்பி வந்தது. இவர் திறந்தே பார்க்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன். சோதித்தும் பார்த்தேன். என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த நாட்களில் ஒருநாள் கேட்டார், "கல்லறைக்குப் போன நேரம் யோவான்ல இருட்டு எண்டு ஈக்குது, மாற்குல சூரியன் உதிச்சிட்டு. ஈஸ்டர் அண்டைக்கு நீங்க கோயிலுக்கு எத்தன மணிக்குப் போற? சனம் நெறய வருமா?" ஐந்து மணிக்கு, நிறைய வருவார்கள் என்றேன்.

அடுத்த வருஷம்தான் அந்த ஈஸ்டர். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்து, ஜெபிக்கப் போனவர்கள் செத்துப்போனார்கள். குண்டு வைத்தது ஒரு முஸ்லிம் தீவிரவாதக் கும்பல் என்று செய்தி வந்தது. அச்சகத்தை மூடிவிட்டார்கள். புதன்கிழமை முதலாளி எனக்குப் போன் எடுத்தார். நானாவின் ஊரில் பொலிஸ் வீடு வீடாகத் தேடியதாம். அலுமாரிக்கு மேலே இருந்த குர்ஆனில் சிவப்புக் கோடு இருந்ததாம். யுத்த வசனமாகப் பார்த்துக் கோடு போட்டிருக்கிறதென்று யாரோ வாசித்துச் சொன்னார்களாம். யார் போட்டது என்று கேட்டதற்கு நானா "என்ட புத்தகம்" என்று மட்டும் சொன்னாராம். பொலிஸ் கொண்டுபோய்விட்டது. ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "நீ எங்கயும் போகக் கூடாது. நமக்கு எதுக்கு அந்த வம்பு? பேசாம இரு," என்றார் அம்மா. நான் பேசாமல் இருந்தேன். அம்மா சொன்னதற்காக மட்டும் இல்லை. கோடு என்னுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டில் வேறு ஏதாவது இருந்திருந்தால்? ஈஸ்டருக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள், சனம் நிறைய வருமா என்று எதற்காகக் கேட்டார்? இரண்டு வருஷமாக அவர் பேசியதையெல்லாம் ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, முன்னையும் பின்னையும் வெட்டிவிட்டு, அது மட்டும் தனியாக என்ன சொல்கிறது என்று பார்த்தேன். அப்படிப் பார்த்தால் எந்த மனுஷனும் தப்ப மாட்டான். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் நான் அதைத்தான் செய்தேன். இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த ஞாயிறு கோயிலில் ஆராதனை இல்லை. வீட்டில் ஜெபம். அம்மா உயிர்த்தெழுதல் பகுதியை வாசிக்கச் சொன்னார். யோவானைத் திறந்தபோது பக்கங்களுக்கு நடுவில் ஒட்டியது போல ஒரு ஒடுங்கிய கடதாசித் துண்டு, அச்சகத்தில் வெட்டி மிஞ்சியது. நானாவின் பென்சில் எழுத்து. புத்தகத்தில் எழுத மனமில்லாதவர் தன் கேள்விகளைத் துண்டில் எழுதி, திருப்பித் தரும்போது இந்த ஒன்றை மறந்திருக்கிறார். "நேரம் நாலு சுவிசேஷத்திலும் வேறு வேறு. முதலில் போனது பெண்கள் என்பதில் நாலும் ஒன்று. ஆண்கள் ஏன் போகவில்லை? தங்கச்சியிடம் கேட்க வேண்டும்."

என்னால் அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. அழுதேன். அம்மா துண்டை வாங்கிப் பார்த்தார். திங்கட்கிழமை காலை என்னோடு அவரும் பஸ் ஏறினார்.

பொலிஸில் என் வேதாகமத்தை மேசையில் வைத்தேன். அதே சிவப்பு, அதே அடிமட்டக் கோடு, அதே கேள்விக்குறி. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அந்த அதிகாரி இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தார். தன் முன்னால் ஒரு வரி எழுதச் சொன்னார், எழுதினேன். பின்னேரம் நானாவை விட்டார்கள். தாடி கலைந்து, ஆள் வாடிப்போயிருந்தார்.

வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "எப்ப கேள்விப்பட்டீங்க தங்கச்சி?"

பொய் சொல்லியிருக்கலாம். "புதன்கிழமை," என்றேன்.

"ஆ," என்றார். அம்மாவைப் பார்த்து, "இவ்வளவு தூரம் வந்தீங்க, பெரிய உபகாரம்," என்றார்.

அச்சகம் மறுபடி திறந்தபோது அவரும் வந்தார். பத்து மணிக்கு டீ வந்தது. நான் வேண்டுமென்றே, பிதாவும் மகனும் ஆவியும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். முன்பென்றால் அந்த ஒரு சொல்லுக்கு அவர் டீயை ஆறவிட்டுவிடுவார். "அது உங்கட நம்பிக்கைதானே," என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார். கோபமில்லை. வெற்றிலை மடித்துத் தந்தார், அம்மாவின் முட்டிவலியை விசாரித்தார். அதற்குப் பின் ஒன்றரை வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம். அவர் என்னை ஒரு தரம்கூட மறுத்துப் பேசவில்லை.

அச்சகம் இப்போது இல்லை. அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். துண்டுப்பிரசுரம் அடிக்கவும் யாரும் வருவதில்லை, எல்லாம் வட்ஸ்அப்பில் வருகிறது. பிழை பார்க்க ஆளில்லை. போன மாதம் பதுளை பஸ் நிலையத்தில் நானாவைக் கண்டேன். மகள் வீட்டுக்குப் போகிறாராம். பஸ் வரும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன தோன்றியதோ, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூடச் சிரிக்கிற ஒரு பிழையை வேண்டுமென்றே சொன்னேன்.

"நானா, தாவீது ராஜாவுக்குப் பிறகுதானே மோசே வந்தாரு?"

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு மோசே மூஸா நபி, தாவீது தாவூது நபி; யார் முதல் என்று அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன்.

"அப்படியும் ஈக்கும் தங்கச்சி," என்றார்.